கால்குலேட்டருக்கு ஒரு பரண்

மறதி மனிதருக்கு மட்டுமே உரியது அன்று, கருவிக்கும் உண்டு. நினைவிடம் நிறைந்துவிட்டால், பழையதை அழித்தாலன்றிப் புதியதை அது ஏற்பதில்லை. வரைபடக் கால்குலேட்டரில் நிரல் எழுதுவோர் அனைவரும் அறிந்த தொல்லை இது. அந்நினைவை நம் கையாலேயே பெருக்கிக்கொள்ள இயலுமா? இயலும். நான் செய்து பார்த்த முறையைக் கொண்டே அதனை விளக்க முற்படுகிறேன். மின்னணுவியல் பயிலாத நண்பர்களும் அஞ்சாது படிக்கலாம்.

1996-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் டி.ஐ.-83 என்னும் கால்குலேட்டரை வெளியிட்டது. அதன் வேலை நினைவகம் 32 கிலோபைட். நம் நிரல்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 27 கிலோபைட். அதாவது சுமார் 27,000 ஆங்கில எழுத்துகள் கொள்ளும் இடம். பிழையுள்ள ஒரு நிரல் கருவியை நிலைகுலையச் செய்தால், சேர்த்துவைத்த யாவும் ஒரு நொடியில் துடைக்கப்பட்டுவிடும். பல இரவுகள் கண்விழித்து எழுதியவனுக்கு இது சிறு இழப்பா?

உள்ளே மேலும் ஒரு நினைவுச் சில்லைப் பொருத்தினால் என்ன? அங்கேதான் சிக்கல். அதன் மூளையாகிய இசட்-80 சில்லுக்கு முகவரி சொல்லும் கம்பிகள் 16 மட்டுமே. அவற்றால் குறிக்கத்தக்க இடங்கள் 65,536. தெருவில் அத்தனை வீடுகளுக்கே எண் உண்டு. அடுத்த வீட்டுக்குக் கடிதம் எழுதினால் தபால்காரர் எங்கே போவார்? தெருவோ ஏற்கெனவே நிரம்பிவிட்டது.

ஆகவே வாசல் வழியே செல்வோம். இரு கால்குலேட்டர்கள் நிரல்களைப் பரிமாறிக்கொள்ள 2.5 மில்லிமீட்டர் துளை ஒன்று அதில் உண்டு. அதனுள் செய்திக் கம்பிகள் இரண்டு, தரைக் கம்பி ஒன்று. சும்மா இருக்கையில் செய்திக் கம்பிகள் இரண்டும் சுமார் 5 வோல்ட்டில் நிற்கும். இரு புறத்தாரில் எவரும் அவற்றைத் தரைக்கு இழுக்கலாம். விட்டுவிட்டால் தாமே உயரும். பிலிப்ஸ் நிறுவனத்தார் 1982-இல் வகுத்த ஐ2சி என்னும் முறையின் இரு கம்பிகளும் இவ்வாறே இயங்குகின்றன. இந்த ஒற்றுமையே நம் முயற்சிக்கு அடிப்படை.

ஐ2சி முறையில் பேசும் நினைவுச் சில்லு 24எல்சி256. எட்டுக் கால்கள், கொள்ளளவு 32 கிலோபைட், மின்சாரம் நின்றாலும் எழுதியது அழியாது. செய்திக் கம்பிகளில் ஒன்றை ஐந்தாம் காலிலும் மற்றொன்றை ஆறாம் காலிலும் இணைக்கவேண்டும். எட்டாம் காலுக்கு மின்கல அடுக்கின் நேர்முனை. நான்காம் காலுக்கு எதிர்முனையும் தரைக் கம்பியும். எஞ்சியவற்றையும் தரையோடு சேர்த்துவிடலாம். துளை மின்சாரம் வழங்காது. ஆதலால் மின்கலம் தனியே வேண்டும். இரண்டு கலங்களின் 3 வோல்ட்டிலேயே சில்லு இயங்குமே, மூன்று எதற்கு என வினவலாம். செய்திக் கம்பியின் அழுத்தம் சில்லின் மின்னூட்டத்தைவிட 1 வோல்ட்டுக்கு மேல் மிகலாகாது. மூன்று கலங்கள் 4.5 வோல்ட் தந்து சில்லைக் காக்கின்றன. மொத்த அழுத்தம் 4 வோல்ட்டை நெருங்கும்போதே கலங்களை மாற்றிவிடவேண்டும்.

இனி, பேச்சு. கம்பிகளைத் தனித்தனியே இழுக்கவும் விடவும் பேசிக் மொழியால் ஆகாது. இயந்திர மொழியில் எழுதவேண்டும். ஒரு கம்பி தாளம் போடும். மற்றொன்று செய்தி சொல்லும். முதலில் சில்லின் பெயரை அழைக்கவேண்டும், அடுத்து உள்ளே எந்த இடம் என்று குறிக்கவேண்டும், பிறகே செய்தி. ஒவ்வோர் எட்டுத் துணுக்குக்கும் பின் ஒன்பதாம் தாளத்தில் சில்லு கம்பியைத் தாழ்த்தி, “கேட்டேன்” என்கிறது. ஒரே மூச்சில் 64 பைட் எழுதலாம். அதன்பின் 5 மில்லிநொடி வரை பொறுக்கவேண்டும். சில்லு முழுவதும் இத்தகைய 512 பகுதிகள். ஆகவே காத்திருப்பு மட்டும் 2.56 நொடி வரை ஆகும். முதல் மூன்று கால்களின் இணைப்பை மாற்றி வெவ்வேறு பெயரிட்டால், அதே இரு கம்பிகளில் எட்டுச் சில்லுகளைத் தொங்கவிடலாம்; மொத்தம் 256 கிலோபைட்!

ஒன்றை மறத்தல் கூடாது. இது பரணேயன்றி அடுப்படி அன்று. பரணிலுள்ள அண்டாவில் அங்கேயே சமைக்க முடியுமா? கீழே இறக்கவேண்டும். அதுபோல, நிரலை வேலை நினைவகத்துக்குக் கொண்டுவந்த பின்னரே இயக்கலாம். ஆயினும் கீழே யாவும் துடைக்கப்பட்டாலும் பரணில் உள்ளது பத்திரமாக இருக்கும்.

2015-இல் வந்த டி.ஐ.-84 பிளஸ் சி.இ. கருவியிலேயே 3 மெகாபைட் சேமிப்பிடம் இருக்க, இவ்வுழைப்பு ஏன் என்பீர்கள். நம் சட்டைப்பையிலுள்ள கைபேசி எவ்வளவோ நினைவில் வைக்கிறது. எவ்வாறு வைக்கிறது என்பதை நாம் கண்டதில்லை. இங்கோ ஒவ்வொரு துணுக்கும் நாம் இழுத்த கம்பியில், நாம் விதித்த தாளத்தில் செல்கிறது. நினைவு என்பது மாயமன்று, ஒழுங்கான ஓர் உரையாடல் என்று கை வழியே அறிகிறோம். ஏட்டில் படித்த சுற்றுகளை ஒருமுறையேனும் பற்றவைத்துப் பாருங்கள் நண்பர்களே. படித்தது அதன்பின் மறக்காது.