முன்பின் அறியாதார்க்கு உதவுதல்

2021ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள், கிள்ளானை அடுத்த தாமான் ஸ்ரீ மூடாவை வெள்ளம் சூழ்ந்தது. கூரைகளிலும் மேல்மாடிகளிலும் தவித்தோரை, முன்பின் அறியாத பலர் தத்தம் படகுகளில் வந்து, இனம் பாராமல் மீட்டனர். பெட்டாலிங் ஜெயா குருத்துவாராவில் சீக்கியர்கள் உணவு சமைத்து அனுப்பினர். உறவா, கூலியா அவர்களை அழைத்தது?

குளத்தில் மூழ்கும் குழந்தையைக் கண்டும், ஆடை நனையுமே என்று நிற்பவரை நாம் மன்னிப்போமா? 1972இல் பீட்டர் சிங்கர் என்னும் ஆஸ்திரேலிய அறிஞர் இவ்வுவமையைக் காட்டி, தொலைவில் பசித்திருப்போர்க்கும் நாம் கடமைப்பட்டுள்ளோம் என்றார். நன்று; ஆயினும் இதற்கு எல்லை யாது?

நீந்த அறியாத சிறுவன் வெள்ளத்தில் குதித்தால், மீட்க வேண்டியோர் இருவராவர். அவன் கூவிப் பெரியோரை அழைக்கலாம், கயிற்றை எறியலாம். பொருளுதவியும் அவ்வாறே. அளவறியாது உதவுவோன் செல்வம் விரைவில் கெடும் என்னும் கருத்தை வள்ளுவர் ‘ஈகை’யில் வைக்காமல் ‘வலியறிதல்’ அதிகாரத்தில் வைத்தது எண்ணத்தக்கது.

அதே 2021ஆம் ஆண்டின் நடுவில், பெருந்தொற்றால் பிழைப்பிழந்தோர் வீட்டு வாயிலில் வெள்ளைக் கொடி கட்டி உதவி கேட்டனர். மாதச் சம்பளக்காரரும் அங்கே ஒரு பை அரிசி வைத்துச் சென்றனர். அவ்வீட்டாரின் வறுமை முழுவதையும் தீர்க்க அவர்களால் இயலவில்லை. அன்றைய உலை கொதித்தது.