மண்புழு எந்தப் பக்கம் போகும்?

ஏழாம் வகுப்பில் தூண்டல், துலங்கல் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "மண்புழுவுக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. ஆனாலும் தன்னைச் சுற்றி நடக்கும் மாற்றத்தை அது அறியும்" என்றேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "டீச்சர், எங்க நிலத்துல எவ்வளவு தோண்டினாலும் மண்புழுவே வராது. ஏன்?"

எங்கள் பள்ளி ஆம்பூரை அடுத்து, பாலாற்றங்கரையில் உள்ளது. அந்த மாணவனின் அப்பாவுக்குத் தோல் கம்பெனியில் வேலை. வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் அடுப்பெரிவது அந்தத் தொழிலால்தான். என் பதில் யாருடைய பெற்றோரையும் குற்றவாளியாக்கிவிடக் கூடாது. அதற்காகக் கேள்வியைத் தட்டிக்கழிக்கவும் மனம் வரவில்லை. "புழுவிடமே கேட்டுப் பார்ப்போம்" என்றேன்.

தோலே அதன் புலன்

மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது. ஈரமான தோல் வழியாகவே சுவாசிக்கிறது. ஒளியை உணரும் செல்கள் அதன் மேல்தோலில் உள்ளன. தொடுதல், வெப்பம், வேதிப்பொருள் ஆகியவற்றை உணரும் ஏற்பிகள் உடற்சுவரிலும் வாய்க்கு முன்னுள்ள சதை மடலிலும் இருக்கின்றன. சார்லஸ் டார்வின் 1881-இல் வெளியிட்ட நூலில் ஒரு சோதனையை விவரிக்கிறார். பியானோ ஒலித்தபோது பக்கத்திலிருந்த புழுக்கள் அசையவில்லை. தொட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து வாசித்ததும் வளைக்குள் ஓடி ஒளிந்தன. ஒலி கேட்கவில்லை, அதிர்வு தெரிந்தது.

உப்பு மிகுந்த மண்ணில் இந்தத் தோலே புழுவுக்கு ஆபத்தாகிறது. சவ்வூடு பரவலால் உடல்நீர் வெளியேறுகிறது. தோல் உலர்ந்தால் சுவாசம் நிற்கும். அதனால் உப்பை உணர்ந்ததும் விலகிச் செல்வதுதான் புழு உயிர்பிழைக்கும் வழி.

நாங்கள் செய்த சோதனை

மண்ணின் தரத்தை அறிய மண்புழுவின் இந்த விலகலைப் பயன்படுத்தும் முறை ஒன்று உண்டு. ஐ.எஸ்.ஓ. அமைப்பு 2008-இல் அதற்கு 17512 என்ற எண்ணில் தரமுறை வகுத்தது. அதை எளிமையாக்கிக்கொண்டோம்.

பழைய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றின் நடுவே அட்டையால் தடுப்பு வைத்தோம். ஒரு பக்கம் பள்ளித் தோட்டத்து மண், மறுபக்கம் அந்த மாணவன் கொண்டுவந்த மண். இரண்டும் ஒரே அளவு. ஒரே அளவு தண்ணீர் தெளித்தோம். தடுப்பை எடுத்துவிட்டு, நடுக்கோட்டில் பத்துப் புழுக்களை விட்டு, துளையிட்ட மூடியால் மூடினோம். 48 மணி நேரம் கழித்து மறுபடியும் தடுப்பைச் செருகி எண்ணினோம். ஒன்பது புழுக்கள் தோட்டத்து மண்ணில் இருந்தன.

ஒரு மாணவி கேட்டாள்: "புழுவுக்கு அந்தப் பக்கம்தான் பிடிக்குமோ என்னவோ, டீச்சர்?" நல்ல கேள்வி. இருபுறமும் தோட்டத்து மண்ணையே நிரப்பி மறுபடி செய்தோம். ஐந்தும் ஐந்துமாகப் பிரிந்திருந்தன. எனவே, முதல் முறை அவை விலகியது பக்கத்தைப் பார்த்தல்ல, மண்ணைப் பார்த்துத்தான்.

புழு சொல்லாதது

மண்ணில் என்ன கெடுதல் என்பதைப் புழு சொல்லாது. உப்பா, குரோமியமா, வெறும் களிமண் இறுக்கமா என்று இந்தச் சோதனையால் பிரித்தறிய முடியாது. இதை மாணவர்களுக்குத் தெளிவாகச் சொன்னேன். அந்த மண்ணை வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பினோம். உவர்த்தன்மை அதிகம் என்று அறிக்கை வந்தது.

பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்பிடுகிறார்கள். பதனிடும் முன் ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு நீரில் கரைந்து வருகிறது. கழிவுநீரிலிருந்து குரோமியத்தைப் படிய வைத்துப் பிரிக்கலாம். கரைந்த உப்பை நீக்குவதுதான் கடினம், செலவும் அதிகம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைகள் உள்ள பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்குத் தகுதியிழந்ததாக ஓர் ஆய்வைத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. தோல் தொழில் அந்நியச் செலாவணியும் வேலைவாய்ப்பும் தருகிறது என்பதையும் அதே தீர்ப்பு ஏற்றது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும், கேடு வருமுன் தடுக்க வேண்டும் என்ற இரு கோட்பாடுகளும் நம் நாட்டுச் சட்டத்தில் அடங்கியவை என்றும் கூறியது.

அறிக்கையைப் படித்ததும் அந்த மாணவன் கேட்டான்: "தொட்டியில பக்கத்துலயே நல்ல மண் இருந்துச்சு, போயிடுச்சு. எங்க நிலம் முழுக்க இதே மண்ணுதானே, எங்கே போகும்?"

பாடநூலில் இல்லாத இடத்துக்கு அவன் வந்துவிட்டான். மாற்றத்தை உணர்ந்தால் மட்டும் போதாது, விலகிப்போக இடமும் வேண்டும். இடமில்லாத புழு மெலிகிறது. அதன் இனப்பெருக்கம் குறைகிறது. ஒருநாள் தோண்டினால் கிடைப்பதில்லை.

அடுத்த வாரம் அவன் அப்பா பள்ளிக்கு வந்தார். கிணற்றுத் தண்ணீரையும் எங்கே கொடுத்துப் பரிசோதிப்பது என்று கேட்டுப் போனார்.

ஆசிரிய நண்பர்களும் இதைச் செய்து பார்க்கலாம். உங்கள் ஊரில் உப்பள ஓரமோ, சாயப்பட்டறைப் பகுதியோ, உரம் மிகுந்த வயலோ இருக்கலாம். ஒரே மண்ணை இருபுறமும் நிரப்பும் ஒப்பீட்டுச் சோதனையை விட்டுவிடாதீர்கள். மாணவர்கள் கையுறை அணியட்டும், முடிந்ததும் சோப்பால் கை கழுவட்டும். புழுக்களை எடுத்த இடத்திலேயே திரும்ப விட்டுவிடுங்கள்.