ஹாரி டர்டில்டவ்: நடக்காத வரலாற்றை எழுதியவர்

லாஸ் ஏஞ்சலஸில் 1949இல் பிறந்த எழுத்தாளர் டர்டில்டவை வரலாற்றுப் படிப்புக்கு இழுத்து வந்ததே ஒரு நாவல்தான். இருபதாம் நூற்றாண்டு மனிதன் ஒருவன் ஆறாம் நூற்றாண்டு ரோமுக்குள் போய் விழும் ‘லெஸ்ட் டார்க்னஸ் ஃபால்’ அது. அதில் எவ்வளவு உண்மை என்று தேடப் போனவர், 1977இல் பைசாண்டிய (கிழக்கு ரோமானிய) வரலாற்றில் முனைவர் பட்டமே பெற்றுவிட்டார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தென்மாநிலத் தளபதி ராபர்ட் லீயின் கையில் நவீன ‘உஸி’ இயந்திரத் துப்பாக்கியைக் கொடுத்ததுபோல் காலம் பொருந்தாத அட்டைப்படம் என்று தன் புத்தகம் ஒன்றைப் பற்றி எழுத்தாளர் ஜூடித் டார் குறைப்பட்டார். அந்த ஒரு வரியிலிருந்து பிறந்தது டர்டில்டவின் நாவல் ‘தி கன்ஸ் ஆஃப் தி சவுத்’ (1992). அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படைக்கு ஏகே-47 கிடைக்கிறது. கொடுப்பவர்கள் எதிர்காலத்திலிருந்து வரும் தென்னாப்பிரிக்க நிறவெறியர்கள்.

இந்திய வாசகரை உலுக்குவது அவரது ‘தி லாஸ்ட் ஆர்ட்டிகிள்’ (1988) சிறுகதை. பிரிட்டிஷாரை வென்று நாஜிகள் இந்தியாவைப் பிடிக்கிறார்கள். காந்தியின் சத்தியாகிரகம், மனசாட்சியே இல்லாத ஆட்சியின் முன் நிற்கிறது. எதிராளி யார் என்பதைப் பொறுத்துத்தான் அறப்போர் வெல்லுமா என்ற கேள்வியை இவ்வளவு கூர்மையாக எழுப்பிய கதைகள் குறைவு.

மத்தியதரைக் கடலே வறண்டு கிடக்கும் உலகைப் படைத்த குறுநாவலுக்காக 1994இல் ஹியூகோ விருது பெற்றார். உலக அறிவியல் புனைகதை மாநாட்டு உறுப்பினர்கள் வாக்களித்துத் தரும் விருது அது. 2000இல் சிகாகோவில் அதே மாநாடு கூடியபோது, மேடைத் தொகுப்பாளராக நின்றவர் டர்டில்டவ்.