சூரிய மின் ஒப்பந்தங்கள்: காலக்கெடுவின் சுமை யார் மீது?

ஏற்காட்டிலிருந்து குப்பனூருக்கு இறங்கும் மலைப்பாதையில் இருக்கிறது கொட்டச்சேடு. அங்குள்ள மலையாளிப் பழங்குடிச் சிறு விவசாயியும், சமவெளியில் பஞ்சமி நிலம் வைத்திருக்கும் தலித் விவசாயியும் சூரிய மின் திட்டங்களின் வாசலில் ஒரே தடையைச் சந்திக்கிறார்கள்.

ஒன்றிய அரசு 2019இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தில், பம்புசெட்டுக்கான பிரிவில் முன்னுரிமை வெளிப்படையானது. தமிழ்நாட்டில் வேளாண் பொறியியல் துறை பொதுப்பிரிவினருக்கு 60 சதவீத மானியமும், பட்டியல் சாதி, பழங்குடிச் சிறு, குறு விவசாயிகளுக்கு 80 சதவீதமும் அறிவித்தது. எஞ்சிய தொகையையும் சான்றிதழ்களையும் திரட்டுவது விவசாயியின் பாடு.

மின்சாரத்தை விற்கும் பிரிவில் நிலைமை வேறு. 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையிலான நிலையத்தைத் துணைமின் நிலையத்துக்கு 5 கிலோமீட்டருக்குள் அமைத்தால், மின் பகிர்மானக் கழகம் 25 ஆண்டுகளுக்கு மின்சாரத்தை வாங்கும். தனி விவசாயி, குழு, கூட்டுறவுச் சங்கம், ஊராட்சி என யாரும் விண்ணப்பிக்கலாம். ஆனால், துணைமின் நிலையத்தின் கொள்ளளவைவிட விண்ணப்பங்கள் மிகுந்தால் குறைந்த விலை கேட்பவருக்கே ஒப்பந்தம். மலிவான வட்டிக்குக் கடன் கிடைப்பவர்தானே விலையைக் குறைக்க முடியும்? தென்னாப்பிரிக்கா 2011இல் தொடங்கிய ஏலத்தில் விலைக்கு 70 மதிப்பெண்ணும், வேலைவாய்ப்பு, கறுப்பினத்தவர் உரிமைப்பங்கு, உள்ளூர்ச் சமூக மேம்பாடு போன்றவற்றுக்கு 30 மதிப்பெண்ணும் வைத்தது.

ஒப்பந்தம் கிடைத்தபின் கெடு தொடங்குகிறது. 2019 வழிகாட்டுதலின்படி மெகாவாட்டுக்கு 5 லட்சம் ரூபாய் வங்கி உத்தரவாதம் தர வேண்டும். 9 மாதங்களில் நிலையம் இயங்க வேண்டும். தாமதமானால் உத்தரவாதத் தொகை நாள்கணக்கில் பறிமுதலாகும். இரண்டு மாதங்களைத் தாண்டினால் ஒப்பந்தக் கொள்ளளவே வெட்டப்படும். பெருநிறுவனத்துக்கு இது செலவுக் கணக்கில் ஒரு வரி. குறு விவசாயிக்கோ அடகு வைத்த நகை.

நிலத்தைக் குத்தகைக்கு விட்டு வாடகை பெறலாமே என்பார்கள். பஞ்சமி நிலத்தைப் பிற வகுப்பினருக்குக் கைமாற்ற 1892ஆம் ஆண்டின் நிபந்தனைகள் தடை விதிக்கின்றன. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் பட்டாவும் வாரிசுக்குச் செல்லுமேயன்றிப் பிறருக்குக் கைமாறாது. இந்தப் பாதுகாப்புகள் தேவையானவை. ஒன்றைக்கூட நாம் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் குத்தகை வழி அடைபட்டபின், சொந்த முதலீடு என்ற ஒரே வழிதான் மிஞ்சுகிறது. உத்தரவாதமும் அபராதமும் காத்திருப்பது அங்கேதான். (சேர்வராயன் மலையில் நிழல் மரங்களை வெட்டிக் காப்பித் தோட்டத்தில் தகடு பதிக்குமாறு யாரும் கேட்கவில்லை, தரிசு நிலத்தைப் பற்றியே பேசுகிறோம்.)

கெடு மாற்ற முடியாததும் அல்ல. 2020 நவம்பரில் இந்த 9 மாதம் 12 ஆனது. கொரோனா முடக்கத்துக்காக அனைத்துப் புதுப்பிக்கத்தக்க மின் திட்டங்களுக்கும் அவ்வாண்டு 5 மாத நீட்டிப்பு கிடைத்தது. எனவே, வட்டாட்சியர் அலுவலகச் சான்றுக்கும் மின்பாதை இணைப்புக்கும் காத்திருக்கும் நாள்களைக் கெடுவிலிருந்து கழிக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிக் குழுக்களுக்கான வங்கி உத்தரவாதத்தை தாட்கோ போன்ற அரசு நிறுவனம் ஏற்க வேண்டும். ஒவ்வொரு துணைமின் நிலையத்தின் கொள்ளளவிலும் அவர்களுக்கெனப் பங்கு ஒதுக்கி, அதை ஏலத்துக்கு வெளியே வைக்க வேண்டும்.