கரகம்: ஒரு சொல்லின் பொருள்நகர்வு

தொல்காப்பிய மரபியல் அந்தணர்க்குரியவற்றுள் ஒன்றாகச் சுட்டும் கரகம் நீர்க்கலமாகும். பிற்காலத் தமிழகத்தில் அச்சொல் அம்மன் விழாக்களில் தெய்வம் எழுந்தருளும் குடத்தையும், குடத்தைத் தலையில் தாங்கி ஆடும் ஆட்டத்தையும் குறிக்கலாயிற்று. பெங்களூர்த் தர்மராயர் கோயிலில் சைத்திர மாத முழுநிலவு இரவில் திகளர் சமூகத்தார் எடுக்கும் 'கரக'வோ திரௌபதியாகவே போற்றப்படுகிறது. அதனைச் சுமக்கும் ஆடவர் பெண்கோலம் பூண்டு வருவார். வீரகுமாரர் வாளேந்திக் காப்பர். ஊர்வலம் தவக்கல் மஸ்தான் தர்காவிலும் நின்று செல்லும். இக்கன்னடச் சொல்லைக் 'கரகாட்டம்' எனப் பெயர்ப்பின், வழிபாடு ஆடற்கலையாகத் திரிந்துவிடும். 'குடம்' எனின், தெய்வத்தன்மை மறையும். எனவே 'கரகம்' என்றே கொண்டு, முதன்முறை வருமிடத்தில் 'திரௌபதியின் திருவுரு' என விளக்கம் தருதல் பொருத்தமாகும்.