சுவருக்கு ஒரு பூச்சு, கதவுக்கு ஒரு பூச்சு

செங்கற்பட்டு முதல் மாமல்லபுரம் வரையில், பொங்கலுக்கு முன் வீட்டைப் புதுப்பிப்பது நம் வழக்கம். கடையில் பளபளக்கும் வர்ணத்தையே எங்கும் பூசுதல் வீண் செலவாகும். இடமறிந்து பூசுதல் வேண்டும்.

சுண்ணாம்புக் காரைச் சுவரும் மண்சுவரும் நிலத்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விடுபவை. கிளிஞ்சல் சுண்ணாம்பு அதைத் தடுப்பதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று இறுகும். எண்ணெய் வர்ணமோ ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். கார்த்திகை மழைக்குப் பின் அது கொப்புளித்து உரிவதை நாம் காண்கிறோம். அன்றியும், புதுக் காரையிலுள்ள காரம் எண்ணெயைச் சோப்பாக மாற்றிவிடும். ஆகவே தறிக்குழி உள்ள அறைக்கும் நெல் வைக்கும் அறைக்கும் சுண்ணாம்பே ஏற்றது.

நன்கு உலர்ந்த சிமெண்டுச் சுவருக்கு எமல்ஷன் பூசலாம். கூடத்திற்குப் பளபளப்பற்றது நன்று, மேடுபள்ளம் தெரியாது. புகையும் பிசுக்கும் படியும் சமையலறைக்குத் துடைக்கத்தக்க இளம்பளபளப்பு வேண்டும். எனாமல், மரத்துக்கும் இரும்புக்குமே உரியது. கடலோரத்தில் உப்புக்காற்றால் இரும்பு விரைவில் துருப்பிடிக்குமாதலால், துருவை நீக்கி, நன்னீரால் கழுவி உலர்த்தி, துருத்தடுப்பு முதற்பூச்சு இட்ட பின்னரே எனாமல் பூசுக.

ஒன்றை மறத்தலாகாது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. 2017 நவம்பர் முதல் நம் நாட்டில் தயாராகும் வீட்டு வர்ணங்களில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாதென்பது சட்டம். அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் மிகுந்திருக்கக்கூடும். ஆதலின் பழைய கதவுகளை உலர்ந்தபடி சுரண்டாது, நனைத்துத் தேய்த்து, துகளைக் குழந்தைகள் அணுகாவண்ணம் அகற்றுக. புதியது வாங்குங்கால் டப்பாவின்மேல் ஈய அளவைப் பார்த்து வாங்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.