புல்வெட்டுக் குத்தகை: எல்லா இடத்துக்கும் ஒரே விலையேற்றம் சரிவருமா?

குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700 ரிங்கிட்டாக உயர்ந்துள்ளது. ஐந்து ஊழியர்களும் அதற்கு மேலும் வைத்திருக்கும் முதலாளிகளுக்கு 2025 பிப்ரவரி 1 முதலும், மற்றவர்களுக்கு ஆகஸ்டு 1 முதலும் இது நடப்புக்கு வந்தது. பழைய விலையில் தோட்டப் பராமரிப்புக் குத்தகை எடுத்தவர்களுக்கு இது கையைக் கடிக்கும்.

முதலாளி செலுத்தும் 13 விழுக்காடு இபிஎஃப் சந்தாவையும் சேர்த்தால், 60 வயதுக்குட்பட்ட ஓர் உள்நாட்டு ஊழியருக்கு மாதம் 226 ரிங்கிட் கூடுதல் செலவு. ஐந்து பேருக்கு 1,130 ரிங்கிட். சொக்சோ தனி.

இதை ஈடுகட்ட எல்லா இடங்களிலும் ஒரே விழுக்காடு ஏற்றுவது எளிது. ஆனால், அது நட்டத்தில் முடியலாம்.

சம்பள உயர்வு 13.3 விழுக்காடு. கொண்டோவில் செடி கத்தரிப்பதும் களை பிடுங்குவதும் கைவேலை. அங்கு குத்தகைப் பணத்தில் 80 விழுக்காடு ஆள்கூலி என்றால், விலை 10.7 விழுக்காடு ஏற வேண்டும். தொழிற்சாலைத் திடலை இயந்திரத்தில் வெட்டும்போது ஆள்கூலி 40 விழுக்காடு என்றால், 5.3 விழுக்காடு போதும். இரண்டுக்கும் 8 விழுக்காடு கேட்டால், தொழிற்சாலை வேறு குத்தகையாளரைத் தேடும். நட்டம் தரும் கொண்டோ மட்டும் மிஞ்சும்.

எனவே, ஒவ்வோர் இடத்திலும் எத்தனை பேர், எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார்கள் என்பதை ஒரு மாதம் குறித்துவைப்பது நல்லது. லோரியில் போய்வரும் நேரமும் கணக்கில் சேர வேண்டும்.

கொண்டோ நிர்வாகத்துக்கு, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவுசெலவுத் திட்டம் முடிவாகும் முன்பே கணக்கோடு கடிதம் கொடுக்க வேண்டும். சம்பளச் சட்டம் மாறினால் விலையும் திருத்தப்படும் என்ற விதியைப் புதிய ஒப்பந்தத்தில் சேர்ப்பதும் அவசியம்.

விலை ஏறாவிட்டாலும் ஊழியருக்கு 1,700 ரிங்கிட்டுக்குக் குறைத்துக் கொடுப்பது குற்றம்.